அப்பாவோட தூக்குப்போசி

அக்டோபர் பொறந்தா போதும், நம்ம பசங்களோட இன்ஸ்டா ஸ்டோரி எல்லாம் ஆரஞ்சு கலர் ஆயிடுது. பெங்களூருக்கு இன்டர்ன்ஷிப் போன என் கிளாஸ்மேட் ஒருத்தன், கையில பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டே வெச்சுக்கிட்டு ஃபோட்டோ போட்டு, "ஆட்டம் வைப்ஸ்" அப்படின்னு எழுதியிருந்தான். அந்த வார்த்தையைத் தமிழ்ல எழுதினா 'ஆட்டம்'னு வருது பாருங்க, அதுலயே எனக்குச் சிரிப்பு. 340 ரூபாய்க்குப் பூசணிக்காய் காபி குடிக்கறது நிஜமாவே ஒரு ஆட்டம்தான்.

நான் யூகேஜியில இருந்து பன்னண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். (இதுல எழுத்துப்பிழை இருந்தா நம்ம எடிட்டர் குழுவைத் திட்டுங்க.) கிளாஸ் சுவத்துல 'நாலு சீசன்' சார்ட் ஒண்ணு தொங்கும். மூணாவது படத்துல மரமெல்லாம் சிவப்பா இருக்கும், இலை உதிரும், ஒரு வெள்ளைக்காரப் பையன் ஸ்வெட்டர் போட்டு நிப்பான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தா சங்ககிரி மலை. அது வெயில்ல பாறையா இருக்கும், மழை பேஞ்சா பச்சையா இருக்கும். சிவப்பா மட்டும் ஆனதே இல்லை. "மிஸ், நம்ம ஊருக்கு எப்ப இது வரும்?"னு கேட்டேன். "எக்ஸாமுக்கு நாலும் எழுதினா போதும்"னு சொல்லிட்டாங்க.

அப்புறம் தமிழ் கிளாஸ்லதான் தெரிஞ்சது, நமக்குப் பருவம் நாலு இல்ல, ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இதுல கூதிர்னா ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்குப் பருவமழை பெய்யுற, ஈரக்காத்து அடிக்கற ரெண்டு மாசம். அந்த சார்ட்ல இருந்த மூணாவது படத்துக்கு நம்ம ஊர்ப் பதில் அதுதான்.

பூசணிக்காயும் நம்மகிட்ட இல்லாம இல்ல. மஞ்சள் பூசணியை எங்க பக்கம் அரசாணிக்காய்னு சொல்லுவோம். தட்டப்பயிறு போட்டு அரசாணிக்காய்க் குழம்பு வெச்சா, எங்க வீட்டுல அன்னைக்கு சோறு பத்தாது. வெள்ளைப் பூசணி வேற கணக்கு. அது ஆயுத பூஜை அன்னைக்கு லாரிக்கு முன்னாடி சுத்திப் போட்டு உடைக்கறதுக்கு.

சங்ககிரி தெரியாதவங்களுக்கு ஒரு வரி: சேலத்துல இருந்து ஈரோடு போற வழியில இருக்கு. தீரன் சின்னமலையை 1805-ல தூக்குல போட்ட மலைக்கோட்டை இங்கதான் இருக்கு. அதுக்கு அடுத்து எங்க ஊரைச் சொன்னா ஞாபகம் வர்றது லாரி. தெருவுக்கு நாலு வீட்டுலயாவது டிரைவரோ, ஓனரோ, மெக்கானிக்கோ இருப்பாங்க. எங்க அப்பா ஓனர் கம் டிரைவர். ஒரே ஒரு வண்டி, அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் டியூ இருக்கு. இங்க இருந்து ஏத்திட்டு மகாராஷ்டிரா, குஜராத்னு போவாரு, அங்க என்ன லோடு கிடைக்குதோ அதை ஏத்திட்டு வருவாரு. பதினஞ்சு நாள், இருபது நாள் ஆகும்.

அதனால எங்க வீட்டுல தீபாவளியைவிட ஆயுத பூஜைதான் பெருசு. தீபாவளிக்கு அப்பா எந்த ஹைவேயில இருப்பாருன்னு யாருக்கும் தெரியாது. ஆனா ஆயுத பூஜைக்கு வண்டி வீட்டுக்கு வந்தே ஆகணும். கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சு, முன்னாடி வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு, பொரி கடலை பங்கு போட்டு... வருஷத்துல எங்க வீட்டுல அஞ்சு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறது உறுதியா நடக்கிற ஒரே நாள் அது.

இந்த அஞ்சு பேர்ல முக்கியமானவங்க ஆயா. எங்க பக்கம் நிறைய வீட்டுல பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம். அப்பாவோட அம்மா. வயசு எழுபத்தி நாலு.

ஆயாவுக்கு இந்தப் பருவம் ஒரு டைம்டேபிள் மாதிரி. புரட்டாசியில கவுச்சி கிடையாது, அப்பப் பயறு வகையும் சுண்டலும். ஆடியில விதைச்ச கடலைக்காய் புரட்டாசி, ஐப்பசியில பிடுங்க ஆரம்பிப்பாங்க. மண்ணோட வாங்கிட்டு வந்து, அலசி, உப்பு போட்டுத் தோலோட வேகவெச்சா, மழை பேயற சாயங்காலம் முழுக்க உரிச்சுக்கிட்டே இருக்கலாம். அடுத்து குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. சளி பிடிச்சா கொள்ளு ரசம். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும். கார்த்திகை தீபத்துக்குப் பொரி உருண்டை.

இதுல அரிசியும் வெல்லமும் சேர்ந்து ரெண்டு பலகாரம் இருக்கு. ஒண்ணு கச்சாயம். பச்சரிசியை ஊறவெச்சு, வெல்லம் ஏலக்காய் சேர்த்து ஈரமாவே அரைச்சு, கரண்டியில மொண்டு எண்ணெயில ஊத்தறது. அரை நாள் வேலை, ஆனா ரெண்டு மூணு நாளைக்கு மேல தாங்காது. இன்னொண்ணு அதிரசம். அது பொறுமையா செய்யணும், பாகு காய்ச்சணும், ஆனா வாரக்கணக்குல கெடாது.

எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து ஆயா ரெண்டையும் செய்வாங்க. ஒரே அரிசி, ஒரே வெல்லம், எதுக்கு ரெண்டு தடவை அடுப்படியில வேகணும்னு நான் யோசிச்சதே இல்ல. இந்த வருஷம்தான் கேட்டேன். "கச்சாயம் வூட்ல இருக்கறவீங்களுக்குச் சாமி. அதிரசம் உங்கொப்பனுக்கு. லைன்ல போறவனுக்குக் கெடாத பண்டந்தான கட்டிக் குடுக்கோணும்" அப்படின்னாங்க.

இருபத்தி ஒரு வருஷமா அந்த வீட்டுல சாப்பிட்டவன் நான். எனக்கு இது தெரியல.

அதுக்குன்னே ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி உண்டு. அப்பா வண்டி எடுக்கற அன்னைக்கு, கேபின்ல டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி அது ஏறும். அடியில வாழை இலை, மேல முப்பது முப்பத்தஞ்சு அதிரசம். நாசிக் போய்ச் சேரும்போதும் இருக்கும், திரும்பி வரும்போது காலியா வரும்.

இந்த வருஷம் ஆயுத பூஜை அக்டோபர் 1. அப்பா ரெண்டு நாள் முன்னாடியே வந்துட்டாரு. ஆளு இளைச்சிருந்தாரு. "வேலை ஜாஸ்தி"ன்னாரு. அன்னைக்குத்தான் ஆயாவுக்கு பிபி மாத்திரை குடுக்க 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா வந்தாங்க. 2021-ல அரசு ஆரம்பிச்ச திட்டம் அது. மாசாமாசம் வீட்டுக்கே வந்து மாத்திரை குடுத்து, பிபி, சுகர் பார்ப்பாங்க. எத்தனையோ தடவை வந்திருக்காங்க, ஒரு தடவைகூட அப்பா வீட்டுல இருந்ததில்ல. "அண்ணா, நீங்களும் கையை நீட்டுங்க"ன்னாங்க. அப்பா சிரிச்சுக்கிட்டே நீட்டினாரு.

312.

மறுநாள் காலையில ஆஸ்பத்திரியில வெறும் வயித்துல எடுத்தா 214. மூணு மாச சராசரி காட்டுற ஹெச்பிஏ1சி 10.2. அது 6.5 தாண்டினாலே சர்க்கரை நோய்னு டாக்டர் சொன்னாரு. இன்னைக்கு நேத்து வந்தது இல்ல, ரொம்ப நாளாவே இருந்திருக்கும்னாரு. ராத்திரி முழுக்க முழிப்பு, நேரம் கெட்ட நேரத்துல தாபா பரோட்டா, தூக்கம் வராம இருக்க டீ மேல டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. அப்பா ஒண்ணும் விதிவிலக்கு இல்ல. ஐசிஎம்ஆர் 2023-ல வெளியிட்ட ஆய்வு, நாட்டுல 10 கோடிக்கும் மேல சர்க்கரை நோயாளிங்க இருக்கறதா மதிப்பிடுது. நம்ம கிளாஸ்ல எழுந்து நிக்கச் சொன்னா, வீட்டுல சுகர் இல்லாதவன் எத்தனை பேர் உக்காந்திருப்பான்னு யோசிச்சுப் பாருங்க.

ஆஸ்பத்திரியில இருந்து நாங்க திரும்பி வந்தப்போ ஆயா அதிரசத்துக்கு ரெண்டு கிலோ பச்சரிசி ஊறப் போட்டிருந்தாங்க.

அம்மாதான் சொன்னாங்க. "ஏனுங்கத்தை, இந்த வருசம் அதிரசம் வேண்டாங்க. அவருக்குச் சக்கரை முந்நூறைத் தாண்டியிருக்குதுங்க."

ஆயா நம்பல. "அது கடைச் சக்கரை தின்னு வந்தது. நான் போடறது வெல்லம். வெல்லம் ஒண்ணும் பண்ணாது"ன்னாங்க.

இதை உங்க வீட்டுலயும் யாராவது சொல்லியிருப்பாங்க, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எதுவா இருந்தாலும் பெரும்பாலும் சர்க்கரைதான். வெல்லத்துல கொஞ்சம் இரும்புச்சத்து, தாது உப்பு இருக்கலாம். ஆனா ரத்தத்துல சர்க்கரையை ஏத்தற விஷயத்துல அது வெள்ளைச் சர்க்கரைக்குப் பெரிய வித்தியாசம் இல்லாத சொந்தக்காரன். பிலிக்கல்பாளையம் சந்தையில ஏலம் எடுத்த அருமையான வெல்லமா இருந்தாலும் அப்படித்தான். இதை நான் ஆயாகிட்ட என் இன்ஜினியரிங் மூளையை வெச்சு விளக்கினேன். கார்போஹைட்ரேட், குளுக்கோஸ், எல்லாம். ஆயா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கடைசியில, "அப்ப நாந்தான் இத்தன வருசமா அவனுக்கு இதைக் கட்டிக் குடுத்தனா?"ன்னாங்க.

எனக்கு வாயடைச்சுப் போச்சு. நான் சொல்ல வந்தது அது இல்ல. ஆனா நான் சொன்னதுல இருந்து அவங்க கேட்டது அதுதான். அப்பாதான் வந்து பக்கத்துல உக்காந்தாரு. "அம்மா, மாசத்துக்கு முப்பது அதிரசம் நீ குடுத்த. நாளைக்குப் பத்து டீ நானாத்தான குடிச்சேன்"ன்னாரு. ஆயா பதில் பேசல. ஊறின அரிசியை வீணாக்க மனசு வராம கொஞ்சத்தை அரைச்சுக் கச்சாயம் சுட்டு எனக்கும் தங்கச்சிக்கும் குடுத்தாங்க. மீதி இட்லி மாவோட போச்சு. தூக்குப்போசியைக் கழுவி மேல் பரண்ல வெச்சுட்டாங்க.

ஆயுத பூஜை அன்னைக்கு எல்லாம் வழக்கம்போல நடந்தது. பூசணி உடைஞ்சது, பொரி பங்கு போட்டோம். அஞ்சு பேரும் ஒண்ணா உக்காந்தோம். ஆனா யாரும் யார் இலையையும் பார்க்கல.

அக்டோபர் 4 வண்டி கிளம்பணும். அதுக்கு முந்தின நாள் மாத்திரை சந்தேகம் கேக்க நானும் அப்பாவும் மறுபடியும் டாக்டர்கிட்ட போனோம். ஆயாவும் வரேன்னு கிளம்பிட்டாங்க. டாக்டர் அப்பாவோட வேலையைப் பத்திக் கேட்டாரு. எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க, எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓட்டுவீங்கன்னு. அப்புறம் ஒண்ணு சொன்னாரு, அது எங்க யாருக்கும் தெரியாது. இந்த மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டா, சர்க்கரை ஏறாது, திடீர்னு இறங்கிடும். கை நடுங்கும், வேர்க்கும், கண்ணு இருட்டும். ஸ்டீயரிங் பிடிச்சிருக்கறப்போ அது வந்தா ஆபத்து. அதனால வண்டியில எப்பவும் கைக்கு எட்டற மாதிரி இனிப்பு இருக்கணும்.

ஆயா நிமிர்ந்து உக்காந்தாங்க. "அப்ப அதிரசம் குடுத்து அனுப்பலாங்களா சாமி?"

டாக்டர் சிரிச்சிட்டாரு. "அது கூடாதுங்கம்மா. எண்ணெய்ப் பலகாரம் மெதுவாத்தான் செரிக்கும், அந்த நேரத்துக்கு உதவாது. சும்மா சர்க்கரை, குளுக்கோஸ், இல்லன்னா ஒரு துண்டு வெல்லம் போதும். வாயில போட்டுட்டு வண்டியை ஓரம் கட்டி, கால் மணி நேரம் பொறுத்து, சரியானதும் சாப்பாடு சாப்பிடணும்."

ஒரு துண்டு வெல்லம். ஆயா வர்ற வழி பூரா பஸ்ல பேசவே இல்ல.

வீட்டுக்கு வந்ததும் என்னைப் பரண்ல ஏத்தி தூக்குப்போசியை எடுக்க வெச்சாங்க. அம்மாவும் அவங்களும் சாயங்காலம் முழுக்க அடுப்படியில. வறுத்த கடலைக்காய் ஒரு டப்பா. கொள்ளை வறுத்து, மிளகாய் பூண்டு சேர்த்துப் பொடி பண்ணி ஒரு டப்பா. "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு"ன்னு ஆயா பழமொழி சொல்ல, "நானே பத்து கிலோ இளைச்சு வந்திருக்கேன், எனக்கு எதுக்குக் கொள்ளு?"ன்னு அப்பா கேட்க, ரெண்டு நாள் கழிச்சு அன்னைக்குத்தான் வீட்டுல சத்தமா சிரிச்சோம். கடைசியா ஆயா அச்சுவெல்லம் அஞ்சு எடுத்து, தனித்தனியா பேப்பர்ல மடிச்சு, ஒரு சின்ன டப்பாவுல போட்டு எல்லாத்துக்கும் மேல வெச்சாங்க.

சாப்பிடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு ஆயா கட்டிக் குடுத்த முதல் இனிப்பு அதுதான்.

தீபாவளி அக்டோபர் 20. நான் ஹாஸ்டல்ல இருந்து ரெண்டு நாள் முன்னாடியே வந்துட்டேன். அம்மா முறுக்கு மட்டும் போதும்னுட்டாங்க. தங்கச்சி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா. எனக்கும் ஒரு மாதிரி இருந்தது. ஜூலையில எனக்குச் சென்னையில வேலை சேரணும், அடுத்த கூதிருக்கு நான் எங்க இருப்பேன்னு தெரியாது. "ஆயா, எனக்குச் சொல்லிக் குடு, நான் செய்யறேன்"னேன்.

செய்முறை இதுதான், எழுதி வெச்சுக்கோங்க. ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். அரிசியை ரெண்டு மணி நேரம் ஊறவெச்சு வடிச்சு, நிழல்ல துணி மேல பரப்பணும். முழுசா காயக் கூடாது. கையில பிடிச்சா ஒட்டணும், உதறினா உதிரணும். அந்த ஈரத்தோட அரைச்சு சலிக்கணும். வெல்லப் பாகைத் தண்ணியில ஒரு சொட்டு விட்டா, விரல்ல உருட்ட வரணும், உருண்டை மெத்துனு இருக்கணும். உடனே இறக்கி, சுக்கு, ஏலக்காய், எள்ளு போட்டு, மாவைத் தூவித் தூவிக் கிளறணும். நெய் தடவின பாத்திரத்துல ஒரு ராத்திரியாவது வைக்கணும். அப்புறம்தான் தட்டிச் சுடறது, அதுவும் மிதமான தீயில.

இந்தப் பதத்தை ஆங்கிலப் புத்தகத்துல சாஃப்ட் பால் ஸ்டேஜ்னு சொல்றாங்க, கிட்டத்தட்ட 112-ல இருந்து 116 டிகிரி செல்சியஸ். நான் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிட்டுப் போயிருந்தேன். ஆயா வேடிக்கை பார்த்தாங்க. 110 வந்ததும் போதும்னு அவசரப்பட்டு இறக்கிட்டேன். மறுநாள் முதல் அதிரசம் எண்ணெயில விழுந்ததும் குளத்துல போட்ட மண் உருண்டை மாதிரி கரைஞ்சு போச்சு. சட்டி முழுக்கத் தூள். தங்கச்சி வீடியோ எடுத்தா, அதை இங்க லிங்க் குடுக்க மாட்டேன்.

ரெண்டாவது தடவை தெர்மாமீட்டரை ஓரமா வெச்சுட்டு, ஆயா என் விரலைப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள விட்டாங்க. அவங்களுக்கு இப்பக் கண்ணு சரியாத் தெரியறதில்ல, விரல்லதான் பார்க்கறாங்க. "இப்ப இல்ல... இப்ப இல்ல... இந்தா, இப்ப." அந்த 'இந்தா'வை எந்த டிகிரியில எழுதறதுன்னு எனக்குத் தெரியல, ஆனா விரலுக்குத் தெரிஞ்சுது. அதிரசம் ஏன் கெடறதில்லன்னும் அங்கதான் புரிஞ்சுது. கெட்டிப் பாகுல இருக்கற சர்க்கரை தண்ணியை இறுக்கிப் பிடிச்சுக்குது, கிருமி வளரத் தேவையான தண்ணி மிச்சம் இருக்கறதில்ல. ஃபுட் டெக் பசங்க இதை வாட்டர் ஆக்டிவிட்டின்னு செமஸ்டருக்குப் படிப்பாங்க. ஆயா பையன் லாரி ஓட்டறான்னு படிச்சாங்க.

வழக்கமா நூறு சுடற வீட்டுல பதினஞ்சு மட்டும் சுட்டோம். ஒரு எலுமிச்சை அளவு மாவை மட்டும் ஆயா நெய் தடவின கிண்ணத்துல எடுத்து வெச்சாங்க. அந்த மாவும் வாரக்கணக்குல கெடாது. எதுக்குன்னு நான் கேட்கல, அம்மாவும் கேட்கல.

நவம்பர் 6 அப்பா வந்தாரு. அந்த வாரக் கடைசியில நானும் போயிருந்தேன். காலையில வெறும் வயித்துல 158. டாக்டர் எதிர்பார்த்த அளவுக்கு இன்னும் வரல, ஆனா இறங்கியிருக்கு. ஆயா அந்த நம்பரைக் கேட்டுட்டு, நேரா தூக்குப்போசியைத் திறந்தாங்க. கடலை காலி, கொள்ளுப்பொடி காலி. சின்ன டப்பாவை எடுத்து எண்ணினாங்க. நாலு.

"ஒண்ணு எங்கடா?"

வதோதரா தாண்டி, லோடு இறக்க நாலு மணி நேரம் க்யூவுல நின்னிருக்காரு. மாத்திரை போட்டாச்சு, சாப்பாடு கிடைக்கல. க்யூ நகர்ந்து ஸ்டீயரிங் பிடிச்சப்போ கை நடுங்கியிருக்கு, சட்டை நனைஞ்சிருக்கு. வண்டியை நிறுத்திட்டு ஒரு வெல்லத்தை வாயில போட்டு, கண்ணை மூடிக் கால் மணி நேரம் உக்காந்திருக்காரு. சரியாயிடுச்சு. இதை எங்க யாருக்கும் ஃபோன்ல சொல்லல. ஆயா எண்ணலன்னா சொல்லியே இருக்க மாட்டாரு. அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அவரு மாத்திரையோட அளவையும் நேரத்தையும் மாத்திக் குடுத்தாரு.

மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் ஆயா அந்தக் கிண்ணத்து மாவைத் தட்டி ஒரே ஒரு அதிரசம் சுட்டாங்க. ரெண்டா பிட்டு, ஒரு பாதியை அப்பா கையில வெச்சாங்க. அம்மா ஒண்ணும் சொல்லல, கடிகாரத்தை மட்டும் பார்த்தாங்க. அப்பா அதைச் சாப்பிட எடுத்துக்கிட்ட நேரம் இருக்கே, முன்னாடி அதுல பத்து அதிரசம் தின்னிருப்பாரு.

மறுநாள் வண்டி கிளம்பினப்போ டப்பாவுல வெல்லம் ஆறு.

இதை நான் எழுதிட்டு இருக்கறப்போ ஹாஸ்டல் ஜன்னலுக்கு வெளியே மழை. டிசம்பர் 3 கார்த்திகை தீபம், பொரி உருண்டைக்கு வீட்டுக்குப் போறேன். நீங்களும் ஊருக்குப் போனா ரெண்டு வேலை பண்ணுங்க. ஒண்ணு, அப்பா அம்மாவுக்கு சுகர் எவ்வளவுன்னு கேளுங்க. தெரியலன்னு சொன்னா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க, பத்து நிமிஷ வேலை. ரெண்டு, வீட்டுல பெரியவங்க செய்யற ஏதாவது ஒரு பலகாரத்தை, ஏன் அப்படிச் செய்யறீங்கன்னு கேளுங்க. யூடியூப்ல அளவு கிடைக்கும், யாருக்காக அந்த அளவுன்னு கிடைக்காது.

அதிரசம் மூணு மீதி இருக்கு. 'பி' பிளாக், ரெண்டாவது மாடி. சீக்கிரம் வாங்க, கெட்டுப் போகும்னு இல்ல, என் ரூம்மேட் விட்டு வைக்க மாட்டான்.